பூமுடி வாணாம்

பூமுடி வாணாண்ணா, முழுசா மொட்ட எடுத்துடு. அட, புருசன் நல்லாத்தான் கீறாரு. சுமங்கலின்னா மூணு கத்திரி குடுத்தா போதும்னு எனக்கும் தெரியும். நீ கத்தியத் தீட்டு.

அனகாபுத்தூர்ணா. நடந்தேதான் வந்தோம். பஸ்ல ஏற மாட்டேன்னுட்டா. அதோ, மரத்தாண்ட முக்காடு போட்டுகினு குந்திகினு கீதே, அதான் எம்பொண்ணு ரமா.

டைபாய்டுண்ணா, பங்குனில வந்துச்சு. எக்ஸ்போர்ட் கம்பெனில பட்டன் தெக்கிறா. தல நோவுதும்மா, குளிருதும்மான்னா. நான்தான், லீவு போட்டா வேலைய வுட்டுத் தூக்கிடுவான், போடின்னு நாலு நாளு வெரட்டுனேன். அஞ்சா நாளு கண்ணு சொருகிப் பூடுச்சு. எப்புடியோ பொழச்சு வந்துட்டா. அப்பாடான்னு குந்துனேன், வுட்டுதா? ரெண்டு மாசம் கழிச்சு, சீப்பு வெச்சா கொத்துக் கொத்தா வருது. தலகாணி பூரா முடி. நடு மண்டைல தோலு தெரியுது.

டாக்டரு இன்னா சொன்னாரா? ஜுரத்துக்கு அப்பால இப்பிடித்தாம்மா, ஆறு மாசத்துல தானா மொளைக்கும்னாரு. அவரு சொல்லிட்டாரு. தெருவுக்கு யாரு சொல்றது? கொழாயடில சாமுண்டீஸ்வரின்னு ஒருத்தி கீறா. அது ஒட்டுற சீக்குன்னு கொளுத்திப் போட்டுட்டா. அவ்ளோதான், எங்க கொடத்தப் பாத்தா மத்தவளுங்க கொடத்த நவுத்தி வெக்கிறாளுங்க. பொண்ணு பாக்க வரேன்னவங்க, ஆடி போவட்டும்னாங்க. ஆவணியும் பூடுச்சு, ஒரு பேச்சும் காணோம்.

பூசாததா? வெங்காயம், கரிசலாங்கண்ணி, எவ எத சொன்னாலும் பூசியாச்சு. கை ஓஞ்சு போச்சுண்ணா. வேலைக்கும் போவல, பக்கத்து வூட்டு டிவிக்கும் போவல. எந்நேரமும் செவுத்தப் பாத்துகினு குந்திகினு கீது. முந்தாநேத்து சொல்றா, ஜுரத்துலயே நான் பூட்டிருக்கலாம்மான்னு. பெத்தவ கேக்குற பேச்சாண்ணா அது?

வேண்டுதலா? நீயும் வுடமாட்ட போல. வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணா. அது ஜுரத்துல கெடந்தப்போ எனக்கு எந்த சாமி பேரும் வாயில வர்ல. கொழாயடிலதான், திருநீர்மலப் பெருமாளுக்கு ஆத்தாளும் பொண்ணும் நேந்துகினு கீறோம்னு சத்தமா சொல்லி வெச்சுட்டேன். சீக்குல கொட்டுனாதான் பேச்சு. சாமிக்குக் குடுத்த தலைய எவ கேப்பா? பெருமாளு கோச்சுகினா என்னக் கோச்சுக்கட்டும்.

அவ தனியா குந்தமாட்டேன்னுட்டா. நீ மொதல்ல எடு, பாக்கறேன்னா. தோ, பாத்துகினுதான் கீது. தண்ணிய ஊத்துண்ணா. முடிச்சதும் சந்தனத்த கெட்டியா பூசு, ரெண்டு பேருக்கும். கொழாயடி தாண்டுற வரைக்கும் அது உதுரக் கூடாது.