ஒடைச்சது யாரு?

— கை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, அண்ணி. டீயை இந்தப் பக்கம் வைங்க. இப்போதைக்கு எனக்கு எல்லாமே இடது கைதான்.

— மாத்திரை போட்டியா?

— போட்டாச்சு. மாத்திரைக்கு அடங்குற வலி இல்ல இது. சலவை ஆலையிலிருந்து நேரா இங்கதான் வர்றேன். விசாரணைன்னு கூப்பிட்டு, விபத்தைப் பத்தி நான் எழுதிக் குடுத்ததை எனக்கே படிச்சுக் காட்டுனாங்க. ‘வேலை செய்யும்போது நான் என் கையை ஒடைச்சேன்.’ மேனேஜர் சிரிக்கிறான். உன் கையை நீயே ஒடைச்சுக்கிட்டா நாங்க என்னம்மா பண்றதுங்கறான்.

— அட, இந்த ஊர்க்காரங்க பாஷையில அப்படித்தான்டி சொல்லுவாங்க. படியில சறுக்கி விழுந்தவனும் ‘நான் காலை ஒடைச்சேன்’னுதான் சொல்லுவான். வேணும்னே ஒடைச்சான்னு அதுக்கு அர்த்தம் இல்ல. மேனேஜருக்கு அது தெரியாதா?

— தெரிஞ்சுதான் சிரிக்கிறான். ஆலையில நீங்க எடுக்குற பாஷை வகுப்புல உக்காந்து நான் முதல்ல எழுதினது என்ன? அதே பாஷையிலதானே எழுதினேன்? தடுப்புக் கம்பியைக் கழட்டிட்டாங்க. இஸ்திரி உருளை இழுத்துச்சு. கை ஒடிஞ்சுது. மூணு வரி. நீங்கதானே சிவப்புப் பேனாவால அடிச்சு, ‘நான் ஒடைச்சேன்’னு ஒரே வரியாக்குனீங்க?

— துண்டு துண்டா இருந்துச்சு. படிக்கிறவங்களுக்கு உறுத்துமேன்னு பார்த்தேன்.

— உறுத்தட்டும்னுதானே எழுதினேன்.

— கோபப்படாத. வேற மனு எழுதித் தர்றேன். பிசிறில்லாம, அழகா.

— உங்க அழகு போதும், அண்ணி. நாளைக்கும் விசாரணை இருக்கு. நீங்க அங்க வந்து வாயால சொல்லணும்.

— எப்படிடி வர்றது? அந்த வகுப்பை நடத்துறதே ஆலைக்காரங்கதான். வேத்து பாஷையில நீங்கல்லாம் எப்படி எழுதுறீங்கங்கறதுதான் என் ஆராய்ச்சியே. அங்க வந்து வாயைத் திறந்தா வகுப்பும் போச்சு, இத்தனை வருஷப் பாடும் போச்சு. உங்க அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

— ஆராய்ச்சியில என் வரியும் இருக்கா?

— இருக்கு. உன் பேரைப் போடல.

— எந்த இடத்துல இருக்கு?

— தாய்மொழிச் சாயல்னு ஒரு பகுதி. அதுல, பிழைக்கு உதாரணமா.

— நல்லா இருக்கு. உருளை கையைத் தின்னுச்சு, நீங்க வரியைத் தின்னுட்டீங்க.

— ஏன்டி இப்படிக் குத்துற? வேணும்னா செஞ்சேன்? ஏதோ தப்பு நடந்துபோச்சு.

— நடந்துபோச்சா? அதுவா நடந்துச்சா? வகுப்புல நீங்க இதைச் சொல்ல விட்டதே இல்லையே. செஞ்சது யாரு, அவரை முன்னாடி நிறுத்துன்னு தொண்டை வறளக் கத்துவீங்க. இப்ப மட்டும் தமிழுக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்கிறீங்களே.

— சரிம்மா. யோசிச்சுச் சொல்றேன்.

— யோசிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. சாட்சின்னு உங்க பேரைக் குடுத்துட்டுத்தான் வந்திருக்கேன். நாளைக்குக் காலையில, அவங்க பாஷையில, அந்த மேனேஜர் மூஞ்சிக்கு நேரா: ‘அவ எழுதினதை நான் மாத்துனேன்.’ அந்த ஒரு வரி நீங்க எனக்கு பாக்கி, அண்ணி.