அரை இஞ்ச்

மாஸ்டர்: ...இன்னும் கொஞ்சம் மேல சுருட்டுங்க பேன்ட்டை. முட்டிக்கு மேல.

டிரைவர்: ஞாயித்துக்கிழமையும் அதுவுமா கடையைத் திறந்து வச்சு, போன் போட்டுக் கூப்பிடறீங்க. இந்த ரெண்டு வருஷத்துல நானாத்தான் வருவேன். என்ன மாஸ்டர், செஞ்சு குடுத்த செயற்கைக் காலைத் திருப்பிக் கேக்கப் போறீங்களா?

மாஸ்டர்: நேரா நில்லுங்க. சுவரைப் பிடிக்காதீங்க.

டிரைவர்: பிடிக்கலன்னா சாஞ்சிடுவேனே.

மாஸ்டர்: எந்தப் பக்கம்?

டிரைவர்: நீங்க செஞ்சு குடுத்த பக்கம்தான்.

மாஸ்டர்: பெல்ட்டைத் தளர்த்துங்க. இடுப்பைப் பாக்கணும்.

டிரைவர்: குத்தம் சொல்லல. போன தடவை பட்டை உராயுதுன்னு வந்தேன், பஞ்சு வச்சுக் குடுத்தீங்க. அதுக்கு முந்தி கிறீச் கிறீச்னு சத்தம்னு வந்தேன், எண்ணெய் விட்டீங்க. எந்தக் குறையும் வைக்கல நீங்க.

மாஸ்டர்: இடுப்பு வலிக்குதுன்னு ஒரு நாளும் சொல்லலயே.

டிரைவர்: நீங்க கேக்கலயே.

மாஸ்டர்: ...வேலை எப்படிப் போகுது?

டிரைவர்: லைசென்ஸ் போனதுக்கு அப்புறம் என்ன வேலை. லாரி ஷெட்டுல வாட்ச்மேன். எட்டு மணி நேரம் நிக்கணும். ரெண்டு நாள் தூங்காம வண்டி ஓட்டினவனுக்கு இப்ப முழிச்சிருக்கத்தான் சம்பளம்... சிரிக்கலாம் மாஸ்டர். எங்க ஷெட்டுல எல்லாரும் சிரிப்பாங்க.

மாஸ்டர்: இடுப்பு எலும்பு மேல கை வைக்கிறேன். ரெண்டு கையும் ஒரே மட்டத்துல இருக்கணும்.

டிரைவர்: இருக்கா?

மாஸ்டர்: இல்ல. காலைத் தூக்குங்க. அடியில இந்தப் பலகையை வைக்கிறேன். ஒரு நூல் கனம்.

டிரைவர்: அட, நீங்க எதுக்குத் தரையில முட்டி போட்டுக்கிட்டு... வெள்ளைச் சட்டை அழுக்காகுது பாருங்க. சர்ச்சுக்குப் போகலையா இன்னிக்கு?

மாஸ்டர்: போனேன். பாதியில எழுந்து வந்துட்டேன்.

டிரைவர்: உடம்பு சரியில்லயா?

மாஸ்டர்: ரெண்டாவது பலகை. தூக்குங்க.

டிரைவர்: என்னாச்சுன்னு...

மாஸ்டர்: மூணாவது. இன்னும் கொஞ்சம்... நாலு. இறக்குங்க. இப்ப நில்லுங்க.

டிரைவர்: ...அடேயப்பா. சுவரைப் பிடிக்காம நிக்கறேன்.

மாஸ்டர்: நாலு நூல். அரை இஞ்ச்.

டிரைவர்: இந்தப் பலகையை எல்லாருக்கும் வச்சுப் பாப்பீங்களா?

மாஸ்டர்: எல்லாருக்கும். உங்களுக்கும் அன்னிக்கு வச்சேன். அளவு சரியாத்தான் எடுத்தேன்.

டிரைவர்: அப்புறம்?

மாஸ்டர்: கொஞ்சம் உட்காருங்க.

டிரைவர்: நிக்கறேன். நல்லாத்தான இருக்கு.

மாஸ்டர்: உட்காருங்க டிரைவர். நீங்க நின்னுட்டே இருந்தா என்னால சொல்ல முடியாது.

டிரைவர்: ...சரி. உட்காந்துட்டேன்.

மாஸ்டர்: அந்த ஆணியில ஒரு ஏப்ரன் தொங்குதுல்ல. அது என் தம்பியோடது. இந்த மேசைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். பன்னெண்டு வருஷம்.

டிரைவர்: ம்.

மாஸ்டர்: ஸ்கூட்டர்ல போய்க்கிட்டிருந்தான். உங்க லாரி மோதுனது அவன் மேலதான். அந்த இடத்துலயே போயிட்டான். கேஸ் நடந்தப்ப கோர்ட்டுக்கு வந்தேன். கடைசி பெஞ்சு. நீங்க என்னைப் பாத்திருக்க மாட்டீங்க. ஆனா அதே விபத்துல காலை இழந்து, ரெண்டு கக்கத்துலயும் கட்டையை வச்சுக்கிட்டு நீங்க இந்த வாசல்ல வந்து நின்னதும் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு... ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?

டிரைவர்: சொல்லுங்க. முழுசாச் சொல்லிடுங்க.

மாஸ்டர்: உங்க காலுக்கு வைக்கற பைப்பை நாலு நூல் குறைச்சு அறுத்தேன். தப்பா இல்ல. வேணும்னே. இந்த ஆள் வைக்கற ஒவ்வொரு அடியும் வலிக்கணும்னு. ஊருக்கே தெரியாது, ஆண்டவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்னு நினைச்சேன். அடுத்த ஞாயிறு பாதிரியார்கிட்டப் போய், அந்த டிரைவரை நான் மன்னிச்சுட்டேன்னு சொன்னேன்.

டிரைவர்: அவர் என்ன சொன்னாரு?

மாஸ்டர்: கண்ணு கலங்கிட்டாரு. சபையே என் கையைப் பிடிச்சுப் பாராட்டுச்சு. அதே கையைத்தான். வாய் மன்னிச்சுது, கை மன்னிக்கல... எங்க ஜெபத்துல ஒரு வரி வரும். எங்களுக்குத் தப்பு பண்ணவங்களை நாங்க மன்னிக்கிற மாதிரி எங்களையும் மன்னியும்னு. அந்த வரி வந்தா நான் இருமிடுவேன். ரெண்டு வருஷமா. வீட்டுக்காரி இருமல் மருந்து வாங்கி வாங்கி அலுத்துப்போயிட்டா.

டிரைவர்: குடிச்சீங்களா?

மாஸ்டர்: பின்ன என்ன பண்றது. குடிச்சேன்.

டிரைவர்: ...இன்னிக்கு என்ன ஆச்சு?

மாஸ்டர்: சர்ச்சுல நற்கருணை அப்பம் வாங்க வரிசையில நின்னேன். எதிர்ல சிலுவையில இயேசு. அவரும் என்னை மாதிரி கைத்தொழில் பண்ணவர்தான். ஆணி கையில இறங்கி இருக்கும்போதே, இவங்களை மன்னிச்சிடும்னு கேட்டாரு. என் கையில ஆணி எங்க இருந்துது? ரம்பம்தான இருந்துது.

டிரைவர்: மாஸ்டர்...

மாஸ்டர்: இருங்க, முடிச்சிடறேன். உன் மேல ஒருத்தனுக்குக் குறை இருந்தா, காணிக்கையை அங்கயே வச்சுட்டுப் போ, முதல்ல அவனோட சமாதானம் ஆகிட்டு வான்னு சொன்னவரும் அவர்தான். அதான் வரிசையை விட்டு வந்துட்டேன். பாதிரியார் அப்பத்தை நீட்டிட்டு நிக்கறாரு.

டிரைவர்: இப்ப என் மேல கோபம் இருக்கா?

மாஸ்டர்: வர்ற வழியெல்லாம் தேடிப் பாத்தேன். இல்ல. தம்பியை நினைச்சா அழுகை வருது. உங்களை நினைச்சா வெக்கமா இருக்கு. உங்களை மன்னிச்சுட்டேன், டிரைவர். இது வாய்ப்பேச்சு இல்ல. புதுப் பைப் அறுத்து வச்சிருக்கேன், பாருங்க... குறைச்சு அறுத்ததை நீட்ட முடியாது, புதுசுதான் போடணும். ஆனா நான் பண்ணதுக்கு... நீங்க என்னை மன்னிப்பீங்களா?

டிரைவர்: எனக்குத் தெரியும், மாஸ்டர்.

மாஸ்டர்: எது தெரியும்?

டிரைவர்: நாலு நூல் குறையுதுன்னு. ஆறு மாசத்துலயே தெரியும். ஆஸ்பத்திரியில ஒருத்தர் பாத்துட்டு, பத்து நிமிஷ வேலை, இப்பவே மாத்தித் தரேன்னாரு. வேணாம்னு வந்துட்டேன்.

மாஸ்டர்: வேணாம்னா? அப்ப அந்தச் சத்தம், பட்டை...

டிரைவர்: சத்தமும் வரல, பட்டையும் உராயல.

மாஸ்டர்: அப்புறம் எதுக்கு வந்தீங்க? இத்தனை வலியோட, இத்தனை தடவை?

டிரைவர்: கால் சரியாயிட்டா, எதைச் சாக்கு சொல்லிட்டு இங்க வர்றது? கடைசி பெஞ்சுல உங்களைப் பாத்தேன், மாஸ்டர். மூக்குக்கண்ணாடியைக் கழட்டிக் கழட்டித் துடைச்சீங்க. விலாசம் விசாரிச்சுக்கிட்டு, மன்னிப்புக் கேக்கத்தான் முதல் நாள் இந்தப் படி ஏறினேன். அந்த ஏப்ரனைப் பாத்ததும் வாய் வரல... கால் வேணும்னு சொல்லிட்டேன்.