மெவ்லிடாவுக்கு எதிராக எழுபத்தொரு கைகள்

மெவ்லிடா சுடும் உருளைக்கிழங்குச் சுருள் ரொட்டிக்கு ஈடாக இன்றுவரை நான் எதையும் தின்றதில்லை. காபி ஆறுவதற்குள் குடியுங்கள், பிறகு எழுதிக்கொள்ளலாம். என் அரசியல் வாழ்க்கையைப் பற்றிப் புத்தகம் என்றால் அவளிடமிருந்துதான் தொடங்க வேண்டும். சுவரொட்டி வழக்கு, நாடாளுமன்றத்தில் என் மைக்கை அணைத்தது எல்லாம் ஏற்கெனவே ஊருக்குத் தெரியும்.

அவள் போஸ்னியாவிலிருந்து வந்தவள். இடுப்பெலும்பு முறிந்து படுத்த என் அம்மாவை ஆறு வருடம் பார்த்துக்கொண்டாள். எங்கள் சுவிஸ் கிராமத்தில் அவளைப் பிடிக்காதவர் இல்லை.

அந்தக் காலத்தில் குடியுரிமையை ஊர்க்கூட்டமே தீர்மானிக்கும். விண்ணப்பித்தவர் வெளியே நிற்பார். உள்ளே நாங்கள் கை தூக்குவோம். அவளை விண்ணப்பிக்கச் சொன்னதே நான்தான்.

“எதுக்கு ரூடி, இப்படியே இருந்துட்டுப் போறேனே,” என்றாள்.

“நீ எங்க ஊர்க்காரிதானே. காகிதத்துலயும் இருக்கட்டும்.”

அம்மா படுக்கையிலிருந்து சிரித்தாள். “வாங்கிக்கோடி. ரெண்டு பேரும் சேந்து இவனுக்கு எதிரா ஓட்டுப் போடலாம்.”

படிவத்தை என் கையாலேயே நிரப்பினேன்.

வெளிநாட்டவருக்குக் குடியுரிமை கூடாது என்ற எங்கள் கட்சிக்கு அப்போது ஊரில் ஒன்பது பேர். ஊருக்குப் பிடிக்காத ஒருவனை மறுக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரே நேசிக்கும் ஒருத்தியை மறுக்க வைத்துவிட்டால், அதன்பிறகு யாரையும் மறுப்பார்கள். அதனால் நிதானமாக யோசித்து அவளைத் தேர்ந்தெடுத்தேன். கோபமெல்லாம் இல்லை.

கூட்டத்தன்று, முடிந்ததும் எல்லாரும் ஒயினோடு சாப்பிடட்டும் என்று மூன்று தட்டு ரொட்டி கொண்டுவந்தாள். அவள் வெளியே போனதும் நான் எழுந்தேன். அம்மாவின் தலைமாட்டில் ஒருமுறை மெவ்லிடா என்னிடம் மட்டும் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள்: செத்தால் தன்னைப் போஸ்னியாவில், தாய் பக்கத்தில்தான் புதைக்க வேண்டுமென்று. அதைச் சொன்னேன். “நல்ல பொண்ணுதான். ஆனா தன் மண்ணு இது இல்லன்னு அவளே சொல்றா.” ஒரு பொய்கூட இல்லை, கவனியுங்கள்.

“உங்கம்மாவுக்குக் குண்டி கழுவுறவடா அவ. வெக்கமா இல்ல?” என்றார் ரொட்டிக்கடை ஆல்வின். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

எதிராக எழுபத்தொன்று, ஆதரவாக இருபத்தாறு. சுருள் ரொட்டி ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல ஏழு மணிக்கு வந்தாள். அம்மாவைப் புரட்டித் துடைத்து, விரிப்பை மாற்றினாள். எங்கள் வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அம்மாதான் கேட்டாள். “டேய், அவள என்னடா பண்ணுன?”

அம்மா முதியோர் இல்லத்தில் மூன்று வாரம் இருந்தாள். முன்பின் தெரியாதவர்கள் கைகளில் உயிரை விட்டாள். அந்தச் சாவைப் பதினெட்டு வருடம் மேடை மேடையாகச் சொன்னேன்: நம்பி வீட்டுக்குள் விட்டாலும் இவர்கள் ஒருநாள் கைவிட்டுப் போவார்கள் என்று. கேட்டவர்கள் அழுதார்கள். நானும் நிஜமாகவே அழுதேன்.

அவளையும் பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். பார்த்தால் ஒன்று சொல்லிவிடுங்கள். நான் அவளை எப்போதோ மன்னித்துவிட்டேன்.