இடது கால் கட்டவெரல்

ஏம்மா, மொதல்ல அந்த ஊதாத் துண்ட எடுத்துப் பைக்குள்ள வையி. ஊருக்குப் புதுசா? ஓபரா தியேட்டருக்குள்ள ஊதா ஆவவே ஆவாது, அபசகுனம். எங்க இத்தாலியில, இந்தப் பார்மா ஊர்ல பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். இந்தா, ரொட்டியில பாதி நீ தின்னு. எனக்குப் பாதி போதும்.

நான் ஏன் கத்துனேன்னா கேக்குற? ஐயய்யோ, நாடகத்தத் திட்டலம்மா! அசைடா, அசைடான்னுதான் கத்துனேன். இந்த மேல்மாடி சீட்டுக்காரனுங்க இருக்கானுங்களே, ஒருத்தி வாயத் தொறந்தாப் போதும், பாட்டு புடிக்கலைன்னு நெனச்சு மொத்தக் கூட்டமும் ஊஊன்னு கெளம்பிடுவானுங்க. பாவம், இத டைரக்ட் பண்ண பொண்ணு மூஞ்சி சுருங்கிப்போச்சு.

பழைய கதைதான். பொண்டாட்டி அழுவுறாளான்னு பாக்க, கெழவன் செத்த மாதிரி நடிப்பான். முன்னல்லாம் பட்டு மெத்தை, மெழுகுவர்த்தின்னு வப்பாங்க. இந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியா மாத்திடுச்சு. இரும்புக் கட்டிலு, வெள்ளத் துணி, வெளிய நீட்டிக்கிட்டு ரெண்டு காலு. நல்லாத்தான் பண்ணியிருக்கா. ரொம்ப நல்லா.

அந்தக் கெழவன் வேசம் எம் புருஷன் ஃபுல்வியோவோடது. இதே மேடையில எத்தன தடவ செத்திருக்காரு தெரியுமா! மொதத் தடவ பாத்தப்ப எனக்கு உசுரே போயிடுச்சு. வீட்டுக்கு வந்தும் ஒரே அழுகை. அடி பைத்தியமேன்னு சிரிச்சாரு. அதுலேருந்து, செத்துக் கெடக்கறப்ப எடது கால் கட்டவெரல ஒருக்கா ஆட்டுவாரு. எனக்கு மட்டும். நான் இங்க ஒக்காந்தே கண்டுபுடிச்சிடுவேன். ஊரே சிரிக்கும், நான் அப்பாடான்னு மூச்சு விடுவேன்.

இன்னைக்கு அந்த வேசம் கட்டுன இந்தப் பையன் ஆட்டவே இல்லம்மா. பாத்துக்கிட்டே இருந்தேன், தாங்கல, கத்திட்டேன். அவனுக்கு எப்படித் தெரியும், பாவம்.

அவரா? வரலம்மா. செவ்வாக்கெழம ஆஸ்பத்திரியில... இதே இரும்புக் கட்டிலு, இதே வெள்ளத் துணி. நர்சு வந்து, வாங்கம்மான்னு கையப் புடிச்சு இழுக்குது. செத்த இரு தாயி, இப்ப ஆட்டுவாருன்னேன். கால்மாட்டுலயே நின்னேன். அந்த மனுஷன் ஒரு நாளும் ஆட்டாம இருந்ததில்ல.

இடைவேளை முடிஞ்சு மணி அடிச்சாச்சு, ஒக்காரு, ஒக்காரு. இவன் இப்ப துணிய வெலக்கிட்டு எந்திரிப்பான். எல்லாரும் சிரிப்பாங்க. அத மட்டும் பாத்துட்டுப் போயிடறேம்மா.