பார்க்குக்குக் கட்டின பை

— ஐப்போ வரைக்கும் எதுக்கு குணா? தெலுக் பஹாங்லயே பார்க் இருக்கு. மரத்துக்கு மரம் கயித்துல தொங்கறது, தண்ணியில சறுக்கறது, எல்லாம் இருக்கு லா. வீட்டுலேர்ந்து பக்கம்.

— என்னங்க, தெலுக் பஹாங்குக்கு பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஐப்போ பார்க்தான் நம்ம புள்ள சிந்து கேட்டது. அங்க புலி இருக்கு, சுடுதண்ணிக் குளம் இருக்குன்னு போன வருஷம் பூரா கேட்டா. நீங்கதான் பட்டர்வொர்த் கண்டெய்னர் யார்டுல ஓவர்டைம், ஓவர்டைம்னு தள்ளிப் போட்டீங்க.

— சரி, என் தப்புதான். ஆனா யோசிச்சுப் பாரு. உன் தங்கச்சியும் அவ புருஷனும் நாளைக்கு சாயங்காலம் பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்ல வந்து எறங்கறாங்க. அந்த நேரத்துல நாம பாலத்துல ஜேம்ல மாட்டிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?

— ஏர்போர்ட்ல கொஞ்சம் நிக்கட்டும். ஒண்ணும் கரைஞ்சிட மாட்டாங்க.

— மெதுவா பேசு. காடிக் கண்ணாடி எறங்கியிருக்கு. டியூஷன் விட்டா புள்ள அந்தக் கதவு வழியாத்தான் வரும்.

— இன்னும் விடல. மாடியில லைட் எரியுது பாருங்க. அந்த சீன டீச்சர் கணக்கு முடிக்காம விட மாட்டாங்க.

— மஞ்சக் கோட்டுல காடிய நிறுத்தி வச்சிருக்கேன். எவனாவது வந்து அபராத சமன் வச்சிட்டுப் போகப் போறான்.

— வைக்கட்டும். இப்ப அதுதான் பெருசா?

— பெருசு எதுன்னு நானும் கேக்கறேன். அவகிட்ட எப்ப சொல்லப் போற? நாளைக்கு வர்றது சின்னம்மா இல்ல, உன்னப் பெத்தவ, உன்ன கடல் தாண்டி பெர்த்துக்குக் கூட்டிட்டுப் போக வர்றான்னு யாராவது அந்தப் புள்ளகிட்ட சொல்லணும்ல?

— பார்க்குல சொல்றேன். எல்லா விளையாட்டும் முடிஞ்ச பிறகு, ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துட்டு சொல்றேன்.

— ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டே கேக்கற சேதியா அது?

— பின்ன எங்க வச்சு சொல்றது? வீட்டுல சொன்னா ரூமுக்குள்ள போய் கதவ சாத்திக்குவா. காடியில சொன்னா வாந்தி எடுப்பா. கோயில்ல சொன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் கோயில் பக்கம் வர மாட்டா. நீங்களே ஒரு எடம் சொல்லுங்க. சொல்லுங்க பாப்போம்.

— எனக்குத் தெரியல லா.

— எனக்கும் தெரியல. சிரிச்ச மூஞ்சியோட ஒரு நாளாவது அவள என் கூட வச்சுக்கறேன். அத மட்டும் விடுங்க.

— அன்னைக்கே முறைப்படி தத்து எடுத்திருக்கணும். நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஆபீசுக்குப் போய் பதிஞ்சிடுவோம்னு. கேட்டியா நீ?

— கூடப் பொறந்தவகிட்ட போய் கையெழுத்துப் போடுன்னு கேக்கறதா? வாய் வருமா? என் தங்கச்சி பிரியந்திக்கு மொத ரெண்டு புள்ளையும் தங்கல. அவ மாமியார், மூணாவதையாவது வேற ஒருத்தி தவிட்டுக்கு வாங்கட்டும், எமன் ஏமாந்து போவான்னு சொல்லி, கோயில் வாசல்ல முறத்துல போட்டு நீட்டினாங்க. ரெண்டு கை நெறைய தவிடு குடுத்து நான் வாங்கினேன். அந்த எடத்துல நின்னுக்கிட்டு பேப்பர் கேக்கச் சொல்றீங்களா?

— அது சாங்கியம் குணா. அங்க நின்ன எல்லாருக்கும் அது சாங்கியம்னு தெரியும். அஞ்சு வயசு தாண்டினதும் திருப்பிக் குடுத்துடணும்னு அன்னைக்கே பேச்சு. அவங்க வேலை நிலையில்லாம தள்ளிப் போச்சு, அவ்வளவுதான்.

— உங்க எல்லாருக்கும் சாங்கியம். நான் நெஜமாவே வாங்கினேன். புரியுதா? மத்தவங்க எல்லாம் தவிட்டப் பாத்துக்கிட்டு நின்னாங்க. நான் புள்ளையப் பாத்தேன்.

— அவ குறும்பு பண்ணா நான்கூட விளையாட்டா சொல்லுவேன், உன்ன தவிட்டுக்குத்தான் வாங்கினோம்னு. எல்லா வீட்டுலயும் புள்ளைங்கள அப்படித்தான கிண்டல் பண்றோம். அவ கைதட்டிச் சிரிப்பா. இனிமே அத எப்படிச் சொல்லிச் சிரிக்கறது?

— பெத்தவள அம்மான்னு கூப்பிட்டா எமனுக்கு வழி தெரிஞ்சிடும்னு அந்த மாமியார்தான் சொன்னாங்க. அதனாலதான் போன்ல சின்னம்மா, சின்னம்மான்னு கூப்பிட வச்சோம். இப்ப என் தங்கச்சி சொல்றா, "அதெல்லாம் மூடநம்பிக்கைக்கா"ன்னு. புள்ளையக் குடுக்கும்போது நம்பிக்கை. வாங்கும்போது மூடநம்பிக்கையா?

— அவளும் அழுதா. நான்தான போன எடுத்தேன். அங்க வேலை நிரந்தரமாயி, வீடு வாங்கி, பின்னாடி பொறந்த பையன் "எங்கக்கா எங்க"ன்னு கேக்கறானாம். பெத்தவ லா அவ. அவளத் திட்டறதுக்கு எனக்கு வாய் வரல.

— எனக்கும்தான் வரல. கெட்டவளா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். நாலு வார்த்தை நல்லா கேட்டிருப்பேன்.

— மழை தூறுது. பின் சீட்டுல குடை இருக்கும், எடுக்கறேன் இரு.

— நீங்க விடுங்க, நான் எடுக்கறேன்.

— கை எட்டுது லா. இந்தப் பைக்கு அடியில... என்ன இது, இவ்வளவு கனமா இருக்கு?

— நாளைக்கு பார்க்குக்கு. மாத்துத் துணி.

— கம்பளிச் சட்டையா? ஐப்போ வெயில்லயா?

— சாயங்காலம் குளிரும்.

— இன்ஹேலர். தூங்கும்போது மோந்துக்கிட்டே படுப்பாளே, அந்தப் பழைய தலகாணி உறை. இது தீபாவளிப் பாவாடை. தீபாவளிக்கு இன்னும் எத்தனையோ மாசம் இருக்கு, குணா.

— மூடுங்க அத. குடைய மட்டும் எடுங்க.

— குணா... ஐப்போவுக்கு எதுக்கு பாஸ்போர்ட்?

— கேக்காதீங்க.

— உன்னோடது இருக்கு. சிந்துவோடது இருக்கு. பெர்த்துக்குப் போறதுக்குன்னு பிரியந்தி எடுத்துக் குடுத்துட்டுப் போனது. என்னோடது எங்க?

— வீட்டுல இருக்கு. அலமாரியில.

— ஐப்போலேர்ந்து எங்க போறதா இருந்த?

— அங்கிருந்து பார்டர் தாண்டி ஹட்யாய்க்கு பஸ் இருக்காம். இங்க ஏறினா யாராவது தெரிஞ்சவங்க பாத்துடுவாங்க. அதான் ஐப்போ.

— ஹட்யாய்ல உனக்கு யாரு இருக்கா?

— யாரும் இல்ல. அதனாலதான் போகணும்னு நெனச்சேன். புரியுதா?

— அப்ப நான்?

— நீங்க தண்ணியில எறங்க மாட்டீங்க. துணிமணிய பாத்துக்கிட்டு ஒரு ஓரமா உக்காந்திருப்பீங்க. நாங்க குளத்துப் பக்கம் போறோம்னு சொல்லிட்டு...

— சொல்லிட்டு? நான் உங்க ரெண்டு பேரு செருப்பையும் காவல் காத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். பார்க் மூடற வரைக்கும்.

— இப்படிச் சொல்லாதீங்க.

— நீ விடியறதுக்கு முன்னாடி பேக்டரி பஸ் ஏறிடற. அவளுக்கு தலை வாரி ரெட்டைச் சடை போட்டு விடறது யாரு? அந்த ரிப்பன் கட்டறதுக்கு யார்டுல கூட வேலை செய்யற ஹனாகிட்ட கேட்டுப் பழகினவன் நான். எல்லாப் பசங்களும் சிரிச்சானுங்க. எனக்கு அவ யாரு? நீ வாங்கின தவிட்டுல எனக்கு ஒரு பிடிகூட பங்கு இல்லையா?

— உங்கள கூப்பிட்டா நீங்க வேணாம்பீங்க. நியாயம் பேசுவீங்க. உங்க நியாயத்த கேட்டுட்டா எனக்கு தைரியம் போயிடும்னு பயந்துட்டேங்க.

— ஆமா, வேணாம்பேன். இது தப்பு லா. போலீஸ்ல கேசு குடுத்தா நம்மள உள்ள வைப்பான். உன் தங்கச்சி பைத்தியம் புடிச்ச மாதிரி அலைவா. பாஷை தெரியாத ஊருல புள்ளைக்கு மூச்சு எளைச்சா எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவ?

— தெரியும். எல்லாம் தெரியும். தெரிஞ்சும் கை தானா துணிய மடிச்சு மடிச்சு வச்சுது. நான் என்ன பண்ண?

— அழாத.

— அந்த ரூமுல ஒரு ஜாமான் கூட நான் ஒதுக்கப் போறதில்ல. அவ கட்டில், அவ பென்சில் டப்பா, எல்லாம் அப்படியே இருக்கட்டும். அதைப் பாத்துப் பாத்தே நான் செத்துப் போறேன்.

— பைய மூடு. மூடுன்னு சொல்றேன்ல. வீட்டுக்குப் போனதும் என்னோட பாஸ்போர்ட்டையும் எடுத்து உள்ள வை.

— என்னங்க?

— பஸ்ஸெல்லாம் வேணாம். பாடாங் பெசார் பார்டர் வழியா நானே ஓட்டறேன். தப்புதான். தப்புன்னு தெரிஞ்சேதான் சொல்றேன். செருப்பக் காவல் காத்துக்கிட்டு என்னால உக்கார முடியாது.

— நெஜமாவா சொல்றீங்க?

— லைட்ட அணைச்சிட்டாங்க பாரு. கண்ணத் தொடச்சுக்கோ. புள்ள வருது.

— டீச்சர் விடவே மாட்டேன்னுட்டாங்க! பின்னங்கணக்கு மூணு தடவ போட்டேன். ரொம்ப நேரம் வெயிட் பண்ணீங்களா?

— இல்ல பாப்பா, இப்பத்தான் வந்தோம். ஏறு ஏறு, நனையற. உனக்கு ஒரு சேதி சொல்லட்டுமா? நாளைக்கு நாம ஐப்போ பார்க்குக்குப் போறோம்.

— புலி பார்க்கா? நெஜம்மா? ஐயோ, கிளாஸ்ல அஃபிக்கிட்ட சொல்லணுமே! சாயங்காலத்துக்குள்ள திரும்பிடுவோம்ல?

— ஏன் பாப்பா? எதுக்கு சாயங்காலம்?

— ப்ளைட் வருதுல்ல.

— உனக்கு யாரு சொன்னா?

— அவங்கதான், டேப்ல வீடியோ கால் பேசும்போது. போன மாசமே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நான் அவங்க வயித்துல இருந்தது, அப்புறம் கோயில் வாசல், எல்லாம். எனக்குத் தெரியும்னு உங்ககிட்ட அவங்களே சொல்றேன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். நீங்க அழுவீங்கல்ல, பெரியம்மா.

— என்ன கூப்பிட்ட நீ?

— பெரியம்மா. கரெக்ட்தான? டியூஷன் டாய்லெட்ல தனியா சொல்லிப் பாத்தா வருது. உங்க மூஞ்சியப் பாத்தா வரவே மாட்டேங்குது. இன்னைக்குத்தான் வந்துச்சு.

— குணா, நீ பேசாத இரு. பாப்பா, அப்படிக் கூப்பிடணும்னு அவங்க சொன்னாங்களா?

— இல்ல, நானேதான். போன தடவ டேப்ல சின்னம்மான்னு கூப்பிட்டேனா, அவங்க மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. பாவம்ல? தம்பியும் பக்கத்துல நின்னான்.

— சிந்து, என் தங்கம், இங்க பாரு. நாம எங்கயாவது தூரமா போயிடலாமா? நீ, நான், அப்பா, மூணு பேர் மட்டும். யாருக்கும் சொல்லாம. பை எல்லாம் கட்டி வச்சிருக்கேன்.

— அப்ப அவங்க ஏர்போர்ட்ல வந்து தேடுவாங்களே.

— தேடட்டும்.

— வேணாம். புலிய மட்டும் பாத்துட்டு வந்துடலாம். நாளைக்கு பார்க்குல பூரா நான் பெரியம்மா, பெரியப்பான்னே கூப்பிட்டுப் பழகிக்கறேன். மறந்துபோய் அம்மான்னு கூப்பிட்டுட்டா, நீங்க திரும்பிப் பாக்கக் கூடாது, ஓகேவா?