புஜத்துத் திருநீறும் எலக்ட்ரோடும்

பிறைசூடிய பெருமான் திருவடி காக்க. சோமவாரப் பிரதோஷ நன்னாளில், புனே அருகே தேஹு ரோட்டில் நான் ஏறிய ஷேர் ஆட்டோவில், ஒரு தந்தையும் கல்லூரியில் பயிலும் அவர் மகளும் எனக்கெதிரே அமர்ந்திருந்தனர்.

"விபூதியை அழிச்சாதான்ப்பா எலக்ட்ரோடு ஒட்டும்."

"பிரதோஷமும் அதுவுமா அழிக்க மாட்டேன். முழங்கைக்குக் கீழ ஒட்டு."

"நீங்க வெயிட் தூக்கறப்போ மேல்கை தசையில வர்ற கரன்ட்டைத்தான் மெஷின் அளக்கும். கரெக்டா நீங்க பட்டை போட்ட எடம்."

"சுவாமி சரியான எடத்துலதான் இருக்கார். உன் மெஷினை நகரச் சொல்லு."

"இன்னிக்கு ஒரு ரீடிங் குறைஞ்சாலும் புராஜெக்ட் ஃபெயில்ப்பா. சோடோ, விடுங்க, என் ஃப்ரெண்ட் ஸ்னேஹாவோட பப்பாவைக் கூப்பிடறேன்."

"அவரா? அது கையா, வேகவெச்ச சேமியாவா?"

"மெசேஜ் போட்டேன், அவர் வரேன்னுட்டார்."

தந்தை சட்டைக் கையைச் சுருட்டினார். புஜத்துத் திருநீற்றைத் துகளும் சிந்தாமல் விரலால் வழித்து, நெற்றியில் முன்பே இருந்த பட்டையின் மேல் பூசிக்கொண்டார்.

"வலது கை மட்டும்தான். இடது கை சுவாமியோடது."

இதைப் படிப்போர் அனைவர்க்கும் தோளில் வலிமையும் நெற்றியில் அவனருளும் நிலைத்திடுக.