விட்டுவைத்த நாலு வரி

மதியம் இரண்டு மணி நாற்பது நிமிடம். ஆமாம், மதியம்தான். ராத்திரி பன்னிரண்டு என்று ஆரம்பிப்பேன் என்று பார்த்தீர்களா? அது பயமுறுத்துவதற்காகக் கட்டிவிடுகிற கதை. இது நடந்தது.

நெட்டை, முதலில் நீ உட்கார். உன் நிழல் சுவர் முழுக்க விழுகிறது. போர்வையை ஆளுக்கொரு பக்கம் இழுக்காதீர்கள்... இருப்பது ஒன்றுதான்.

தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் வீடு கிடையாது, கடை கிடையாது. வெயில் மட்டும். ஒரு மனுஷன் சாலையோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். இரும்பு மூடியைத் தூக்கிவைத்துவிட்டு, குழிக்குள் கையை விட்டு, தொட்டிக்குப் போகிற குழாயின் மீட்டர் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைக்கிறார். அன்றைக்கு அதுதான் கடைசி மீட்டர். எண்ணைப் படித்து முடிக்கவில்லை... காது அடைத்தது.

மலைப்பாதையில் பஸ் ஏறும்போது அடைக்குமே, அப்படி. ஆனால் அது சமதரை. எச்சிலை விழுங்கிப் பார்த்தார். விடவில்லை. குருவிச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. ஒரு வாடை வந்தது... பல வருஷம் மூடிக்கிடந்த தொட்டியைத் திறந்தால் பாசியும் துருவும் கலந்து ஒன்று முகத்தில் அடிக்குமே, அது. குழிக்குள் குனிந்து முகர்ந்தார். அங்கே இல்லை. வாடை மேலேயிருந்து வந்தது.

அண்ணாந்து பார்த்தார். ஒரு துண்டு மேகம்கூட இல்லை. காலையில் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு மூடியைப் போட்டார்.

யார் அவர் என்கிறீர்களா? நம் ஆபீஸ் வண்டி ஓட்டுகிறாரே டிரைவர், அவருடைய தங்கை வீட்டுக்காரர். டிரைவர் வாயாலேயே ஒரே ஒரு தடவை கேட்டேன். இரண்டாவது தடவை கேட்டதற்கு வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார். நீங்கள் எல்லாம் கேலி பண்ணுகிறீர்களே, சாப்பிடும்போதுகூடத் தொப்பியைக் கழற்ற மாட்டார், வழுக்கையை மறைக்கிறார் என்று... வழுக்கையும் இல்லை, ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

மனுஷனுக்குத் தண்ணீர் ஆபீசில் மீட்டர் பார்க்கிற உத்தியோகம். எழுத்துப் பைத்தியம். தினமும் காலை ஐந்து மணிக்குச் சமையலறை மேஜையில் கோடு போட்ட நோட்டை விரித்துவிடுவார். ஏழு மணிக்கு மூடிவிட்டு வேலைக்குக் கிளம்புவார். எழுதுவது எல்லாம் ஒரே மாதிரிக் கதை. நட்சத்திரங்களுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று கிடக்கும். அதைப் பார்த்தவனுக்குப் புத்தி பேதலிக்கும். ஆபீசில் அவருக்கு வைத்த பேர் அண்டம். "என்ன அண்டம், இன்னைக்கு எந்த ஊரை முழுங்குச்சு?" என்றுதான் காலை வணக்கமே.

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். யாராவது உட்கார்ந்து கேட்டால் போதும், சோறு தண்ணி வேண்டாம். "பேய்க்கு நம்ம மேல கோபம் இருக்கும், ஆசை இருக்கும். அப்படின்னா அது நம்மள மதிக்குதுன்னு அர்த்தம். நான் சொல்றது அப்படி இல்ல. இந்த ஊரைவிடப் பெருசு அது. நம்ம இருக்கோம்னே அதுக்குத் தெரியாது. எறும்பை மிதிக்கிறவனுக்கு எறும்பு மேல என்ன பகை? அதுதான்யா பயம்!" சொல்லும்போது கண் பளபளக்குமாம்.

மனைவிக்கு இதில் எல்லாம் ஈடுபாடு கிடையாது. "அவ்ளோ பெருசா இருந்தா அதுக்குத் துணி யாரு துவைப்பாங்க, பாவம்" என்பாளாம். ஆனால் அவர் கையெழுத்து கோழிக் கிறுக்கல். அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள், விசைப்பலகையைப் பார்க்காமலே விரல் ஓடும். சாயங்காலம் வேலை விட்டு வந்து, முகம் கழுவிவிட்டு, அவர் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பாள். பதினொரு கதை அப்படித்தான் பத்திரிகைக்குப் போயிற்று.

பதினொரு கதையிலும் ஒரு விஷயம் பொது. அந்த ஜந்து வருகிற இடத்தில் நாலு வரியை வெறுமனே விட்டுவிடுவார். வெள்ளையாக. அப்புறம் கதை தொடரும். "சொன்னா சின்னதாப் போயிடும்" என்று விளக்கம் வேறு. யாரோ ஒரு வாசகர், அந்த வெள்ளை இடத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை என்று கடிதம் போட்டிருந்தார். அதை மடித்துப் பர்சிலேயே வைத்திருந்தார் மனுஷன்.

உண்மை என்ன தெரியுமா? அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. இருபது வருஷமாக அந்த இடத்துக்கு வந்து வந்து நிற்கிறார், மனசில் ஒரு மண்ணும் இல்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட.

நாற்பத்தாறு வயதில் முதல் புத்தகம் போட ஒரு பதிப்பாளர் ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. "புதுசா எழுதுற கடைசிக் கதையிலயாவது அந்த நாலு வரியை எழுதிக் கொடுங்க சார். கதவு வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டு, கதவைத் திறக்க மாட்டேன்னா எப்படி?"

மூன்று வாரம் முட்டி மோதினார். நூறு கண் என்று எழுதினார். அடித்தார். எட்டுக் கை, வழவழப்பு, செதில் என்று எழுதிப் பார்த்தார். மீன் மார்க்கெட் மாதிரி இருந்தது. அதையும் அடித்தார். கெடு முடிகிற நாள் காலையில் நோட்டை மனைவி பக்கம் தள்ளினார். அவளுக்கு அன்றைக்கு விடுமுறை.

"நீயே அடிச்சிடு."

"நானா?"

"பதினொரு கதையும் உன் கையாலதானே போச்சு. அந்த இடம் வரும்போது உனக்கு என்ன தோணுச்சோ, அதை நாலு வரி அடி."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "பார்த்ததை எழுதணுமா?"

"பார்த்ததையா?"

"வேண்டாங்க. அந்த இடம் வந்தா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுதான் நாலு தடவை எண்டர் தட்டுவேன். மூடினாலும் தெரியுது... நீங்களும் பார்த்துட்டுத்தானே எழுதாம விடுறீங்க?"

அந்த நிமிஷமே நோட்டைப் பிடுங்கி அடுப்பில் போட்டிருக்க வேண்டும். போட்டாரா? இல்லை. அவருக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷமாகத் தவம் கிடந்தவருக்குக் காட்டாதது, துணி துவைக்க ஆள் வேண்டுமே என்று கேலி பேசினவளுக்குப் போய்க் காட்டியிருக்கிறது. பொறாமைதான், வேறென்ன? அதை அவரே டிரைவரிடம் ஒத்துக்கொண்டார், அப்புறம், எல்லாம் முடிந்த பிறகு.

"எழுதினா அதுக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயமா இருக்குங்க" என்றாள்.

"அதுக்கு நம்மளத் தெரியவே தெரியாது. பதினொரு கதையிலயும் அதைத்தானே சொல்லியிருக்கேன்? அடி. எனக்காக."

எனக்காக என்று அவர் கேட்டு அவள் மறுத்தது கிடையாது. அவர் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அவள் மத்தியானம் வரை வீட்டைப் பெருக்கினாள், துடைத்தாள், பாத்திரத்தை எல்லாம் இரண்டு தடவை கழுவினாள். இரண்டரை மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

இரண்டு நாற்பதுக்கு... அதுதான் சொன்னேனே.

நாலு மணிக்கு அவர் வீடு திரும்பினார். செருப்பை விடும்போதே உள்ளே அந்த வாடை. பாசி, துரு. அவள் நாற்காலியில்தான் இருந்தாள். ஆனால் தோளைக் குறுக்கி, முதுகை வளைத்து, மோவாய் விசைப்பலகையில் இடிக்கிற மாதிரி... கூரை தாழ்ந்த வேனுக்குள் உட்காருவோமே, அப்படி. திரையில் நாலே வரி.

மேலே இருக்கிறது. எப்போதும் இருந்தது.
ஊரைவிடப் பெரியது. அடிப்பக்கம் மட்டும்தான் தெரிகிறது.
தூங்குகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.
இதை எழுதும்போது திரும்பிப் பார்த்தது.

அவர் இரண்டு தடவை படித்தார். "இவ்ளோதானா?" என்றார். அதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. நினைத்துப் பாருங்கள்.

"இவ்ளோதாங்க" என்றாள். அப்புறம் மெதுவாக, "இறங்கி வந்திருக்கு. கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க" என்றாள்.

அவர் சிரித்துவிட்டு அன்றைக்கே பதிப்பாளருக்கு அனுப்பினார். பதிப்பாளர் போன் பண்ணி ஆகா ஓகோ என்றார்.

ஒரு வாரம் கழித்து டிரைவர் தங்கையைப் பார்க்கப் போயிருக்கிறார். முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வெட்டவெளி. தலைக்கு மேலே ஒன்றும் கிடையாது. ஆனால் அவள் கழுத்தை மடக்கி, நிலைப்படியில் இடிக்காமல் நுழைகிற மாதிரி குனிந்தே நடந்தாள். கையை மட்டும் தூக்கிக் கொடியில் துணியைப் போடுவாள், வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். அடுத்த வாரம் இடுப்புவரை வளைந்திருந்தாள்.

டிரைவர் அவளை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். முதுகெலும்பு சுத்தம், நரம்பு சுத்தம். "நிமிர்ந்து நில்லும்மா" என்றார். அவள் டாக்டரைப் பார்த்து, "நீங்க உட்காருங்க சார், பாவம்" என்றாள். திரும்பி வரும் வழி முழுக்கப் பின்சீட்டில் குனிந்து உட்கார்ந்துகொண்டு, ஒரு கையை நீட்டி அண்ணன் தலைமேல் வைத்துக்கொண்டே வந்தாள். குழந்தை தலை இடிக்காமல் மறைப்போமே, அப்படி. "என்னம்மா இது?" என்றதற்கு, "ஒண்ணுமில்லண்ணா, நீ ரோட்டைப் பாரு" என்றாளாம். இதைச் சொல்லும்போது டிரைவர் அழுதார். ஆறடி மனுஷன்.

மீட்டர்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டுகளை எல்லாம் கொளுத்தினார். கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தார். புத்தகத்தை நிறுத்தச் சொல்லிப் பதிப்பாளர் காலில் விழாத குறை. அச்சாகிவிட்டது என்றார்கள். இருபது வருஷம் ஏங்கிய புத்தகம், ஒரு கட்டு வீட்டுக்கு வந்தது. கட்டுகூடப் பிரிக்கவில்லை. அதற்குள் அவள் தவழ ஆரம்பித்திருந்தாள். அப்புறம் தரையோடு தரையாகப் படுத்துவிட்டாள், முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கன்னத்தைத் தரையில் ஒட்டி.

அவரும் பக்கத்தில் படுத்தார். "எல்லாத்தையும் அழிச்சுட்டேன்மா. ஒரு எழுத்து பாக்கி இல்ல."

"நாம அழிச்சுட்டா, அது நம்மளப் பார்த்தது இல்லேன்னு ஆயிடுமாங்க?"

அவள் கையை நகர்த்தி அவர் தலையை மூடிக்கொண்டாள். அவளுக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று அவர் சொல்லிச் சொல்லி அழுதாராம்.

கடைசியாக டிரைவர் அங்கே போனது ஒரு சாயங்காலம். வெளிச்சம் நன்றாக இருந்தது. முற்றத்தில் முக்காலி போட்டு அதன்மேல் மீட்டர்காரர் நின்றுகொண்டிருந்தார். குள்ளமான மனுஷன், முக்காலிமேல் ஏறியும் டிரைவர் உயரம்தான் வந்தார். கழுத்தை அண்ணாந்து கத்திக்கொண்டிருந்தார். "நான்தான் எழுதச் சொன்னேன்! அவ இல்ல! என்னைப் பாரு! என்னை எடுத்துக்கோ!"

டிரைவருக்குக் காது அடைத்தது.

"மாப்பிள்ளை, இறங்குங்க."

"ஒண்ணும் தெரியலை மச்சான்" என்றார் அவர். தொண்டை கட்டியிருந்தது. "இத்தனை வருஷமா கூப்பிட்டவன் நான். இன்னும் எனக்கு ஒண்ணுமே தெரியலை. அதுக்கு என்னைத் தெரியவே இல்ல மச்சான்."

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது டிரைவர் பார்த்தார். காற்று இல்லை. கொடியில் துணி ஆடவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் தலைமுடி... மெதுவாக... நெற்றியிலிருந்து பின்பக்கமாகப் படிந்துகொண்டே போனது. ஈரமாக. முடிவே இல்லாத எதுவோ ஒன்று அந்தத் தலைமேல் உரசிக்கொண்டே போவது போல. அவருக்கு அது உறைக்கவே இல்லை. கையை விரித்து வெறும் வானத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து தங்கையின் குரல் தரைமட்டத்தில் வந்தது. "அண்ணா, அவரை இறக்கு. நீ நிமிராதே."

டிரைவர் அவரை இடுப்போடு சேர்த்துத் தூக்கி இறக்கினார். தூக்கும்போது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, முதுகை நிமிர்த்திவிட்டார்.

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. அந்த வீட்டில் இரண்டு பேரும் இன்னும் தரையில்தான் கிடக்கிறார்கள். சாப்பாடு டிரைவர்தான் கொண்டுபோகிறார், தவழ்ந்துபோய் வைத்துவிட்டு வருவாராம். நான்தான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அதுக்குத் தொப்பி போட்டு என்னண்ணே பிரயோஜனம்? இறங்குறது நிக்கவா போகுது?"

"நிக்காது" என்றார். "தொப்பி போட்டா உரசுறது தெரியாது. அவ்வளவுதான்."

சரி, படுங்கள். காலையில் வேலை இருக்கிறது. நெட்டை, எங்கே எழுந்திருக்கிறாய்... விளக்கை அணைக்கத்தானே? நீ உட்கார். நான் குள்ளம். நான் போய் அணைக்கிறேன்.